உங்களுக்கு முன்னே போய்ச் சேரும் தாள்



வேலை தேடிப் புறப்படும் ஒருவர் நிறுவனத்தின் வாசற்படியை மிதிப்பதற்கு முன்பே அவரைப் பற்றிய தாள் ஒன்று உள்ளே போய்ச் சேர்ந்துவிடுகிறது. நம் வீடுகளில் 'பயோடேட்டா' என்று சொல்லப்படுவதும், அலுவலகங்களில் 'ரெஸ்யூமே' என்று கேட்கப்படுவதும் அந்தத் தாளைத்தான். தன்விவரக் குறிப்பு என்று தமிழில் அழைக்கலாம். அந்தத் தாள் தெளிவாகப் பேசினால் நம்மை நேரில் வரச் சொல்லுவார்கள். அது வாய் மூடி நின்றால் கதவு திறப்பதில்லை. ஏன் திறக்கவில்லை என்ற காரணத்தையும் எவரும் எழுதி அனுப்புவதில்லை.

இத்துணை முக்கியமான தாளை நம் பிள்ளைகள் எவ்வாறு தயாரிக்கிறார்கள்? நண்பன் ஒருவனுடைய பயோடேட்டாவை வாங்கி, கணினி மையத்தில் கொடுத்து, பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். மேலே ஒரு வாக்கியம் இருக்கும்: 'சவால் மிக்க பணியில் சேர்ந்து, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பாடுபட விரும்புகிறேன்.' அதை எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அனுப்புகிற ஆயிரம் பேரும் அதையே அனுப்புகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியிலும் மூன்று ஆண்டுகள் கல்லூரியிலும் படிக்க வைத்துவிட்டு, கடைசித் தாளை இரவல் சொற்களால் நிரப்பி அனுப்புவது என்ன நியாயம்?

வாங்குபவர் தேவை எது?

இத்தாலியில் லியொனார்டோ டா வின்சி 1480களின் தொடக்கத்தில் மிலான் நகர ஆட்சியாளர் லுடொவிக்கோ ஸ்போர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. உலகம் அவரை ஓவியர் என்று அறியும். அந்தக் கடிதத்தில் அவர் தொடக்கத்தில் எழுதியவையோ வேறு. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், கோட்டை முற்றுகைக்கான கருவிகள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் ஆகியவற்றைத் தம்மால் அமைக்க முடியும் என்று வரிசையாகச் சொல்லிச் செல்கிறார். சிற்பமும் ஓவியமும் கடைசியில்தான் வருகின்றன. போர் அச்சத்தில் இருந்த ஆட்சியாளருக்கு அன்றைய தேவை எதுவோ அதை அவர் முன்னே வைத்தார்.

நாம் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே. தன்விவரக் குறிப்பு நம் வாழ்க்கை வரலாறு அன்று. 'இந்த வேலைக்கு நமக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும்?' என்று எதிரே இருப்பவர் மனத்தில் வைத்திருக்கும் கேள்விக்கு நாம் தரும் விடை அது. எனவே விளம்பரத்தை இருமுறை படியுங்கள். கணக்கர் வேலைக்குக் கேட்டிருந்தால் கணக்கு அனுபவம் மேலே வரட்டும். விற்பனை வேலையாயின் வாடிக்கையாளரோடு பழகிய அனுபவம் மேலே வரட்டும். ஒரே தாளை நூறு இடங்களுக்கு அனுப்புவதைவிட, பத்து இடங்களுக்கு அந்தந்த இடத்திற்கேற்ப வரிசையை மாற்றி அனுப்புவது பயன் தரும்.

ஆறேழு நொடிகள்

நாம் இரவெல்லாம் கண் விழித்துத் தயாரித்த தாளை அங்கே எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்? அமெரிக்காவின் 'தி லேடர்ஸ்' என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் ஆள் தேர்வு செய்வோரின் கண் அசைவுகளைக் கருவி கொண்டு அளந்து பார்த்தது. 2012இல் வெளியான கணக்குப்படி முதற்பார்வைக்கு அவர்கள் செலவிட்டது ஏறத்தாழ 6 நொடிகள். 2018இல் மீண்டும் அளந்தபோது 7.4 நொடிகள். அந்த நேரத்தில் கண்கள் போன இடங்கள் பெயர், இப்போதைய வேலை, முந்தைய வேலை, அவற்றின் தேதிகள், படிப்பு ஆகியவையே.

ஆகவே முதல் பக்கத்தின் மேற்பாதியில் இருக்க வேண்டியவை இவை: பெயர், ஊர், எடுத்துப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண், ஒழுங்கான மின்னஞ்சல் முகவரி. அதற்குக் கீழே நீங்கள் யார், என்ன செய்யத் தெரியும் என்பதை இரண்டு மூன்று வரிகளில் சொல்லுங்கள். அனுபவம் உள்ளவர்கள் கடைசியாகப் பார்த்த வேலையை முதலில் எழுதிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். புதியவர்கள் படிப்பை முதலில் எழுதலாம். புதியவருக்கு ஒரு பக்கம் போதும். நீண்ட அனுபவம் உள்ளவருக்கு இரண்டு பக்கம் போதும்.

நிறைகுடம் தளும்பாது, ஆனால்...

'நிறைகுடம் தளும்பாது' என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது நம் வீடுகளில் நாகரிகம் ஆகாது. அந்த நல்ல பழக்கமே தாளின் முன் அமர்ந்ததும் தடையாக வந்து நிற்கிறது. எதை எழுதினாலும் பெருமை பேசுவதாகிவிடுமோ என்று தயங்கி, உள்ளதையும் எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. 'நான் கடும் உழைப்பாளி, நேர்மையானவன், தலைமைப் பண்பு மிக்கவன்' என்பது தற்பெருமை. அதை எவராலும் சரிபார்க்க இயலாது. 'நான் மூன்று ஆண்டுகள் ஒரு கடையின் கொள்முதல் கணக்கை எழுதினேன்' என்பது தகவல். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முன்னதை விட்டுவிடுங்கள். பின்னதை மறைக்காதீர்கள்.

சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

பள்ளிப் பருவம் முதல் வாப்பாவின் இரும்புக் கடையில் மாலை வேளைகளில் நின்ற இளைஞர், அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதுகிறார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது இதுதான். அவர் எழுத வேண்டியது: 'குடும்ப வணிகத்தில் 5 ஆண்டுகள் பகுதி நேரப் பணி. அன்றாட விற்பனை ரசீது, இருப்புச் சரிபார்ப்பு, டேலி கணக்குப் பதிவு, மொத்த வணிகர்களிடம் நிலுவை வசூல்.' இதில் ஒரு சொல்கூடப் பெருமை இல்லை. ஆனால் கணக்கருக்கோ விற்பனையாளருக்கோ ஆள் தேடுகிறவர் இந்த வரியில் நின்று படிப்பார்.

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் தோல், காலணித் தொழிற்சாலைகளில் பணியாற்றும் நம் சகோதரர்கள் பலர், 'மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தேன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எத்தனை பேரை மேற்பார்வையிட்டீர்கள்? எந்தப் பிரிவில், தையலிலா, வெட்டுதலிலா, தரப் பரிசோதனையிலா? ஒரு நாளைக்கு எத்தனை இணை உங்கள் கையைக் கடந்து சென்றது? திரும்பி வந்த சரக்கு குறைந்ததா? எண்ணைச் சொல்லும்போது வாக்கியத்திற்கு எடை கூடுகிறது. அந்த எண் உங்களுடைய உண்மையான எண்ணாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

திருமணமாகிப் பிள்ளை வளர்ப்பதற்காகச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்த சகோதரிகள், அந்த இடைவெளியை எப்படிச் சொல்வது என்று கலங்குகிறார்கள். ஒளிக்க வேண்டியதில்லை. '2019 முதல் 2023 வரை குடும்பப் பொறுப்பு' என்று ஒரு வரி போதும். அந்த ஆண்டுகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். தையல் ஆர்டர் எடுத்திருப்பீர்கள். தொலைநிலைக் கல்வியில் தேர்வு எழுதியிருப்பீர்கள். அவற்றையும் சேர்த்து எழுதுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கணிதம் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது அது மிகப் பெரிய தகுதி.

மதரஸாவில் ஓதி முடித்துப் பட்டமும் பெற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஆலிம் ஸனது' என்று மட்டும் எழுதினால் மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு அதன் பொருள் தெரிய வாய்ப்பில்லை. எத்தனை ஆண்டுப் படிப்பு, என்னென்ன பாடங்கள், எந்தெந்த மொழிகள் என்று விளங்கும்படி எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேர்வில் தேறியவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஆண்டையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். 'அரபியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கத் தெரியும், அரபியில் தட்டச்சு செய்யத் தெரியும், 40 மாணவர்கள் உள்ள வகுப்பை 4 ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன்' என்பவை எந்த அலுவலகத்திற்கும் புரியும் மொழி.

தாள் ஆங்கிலத்தில் அமைவதே நடைமுறை. ஆயினும் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். என்ன செய்தேன், எதைக் கொண்டு செய்தேன், என்ன பயன் விளைந்தது என்ற மூன்றையும் நம் மொழியில் எழுதிக்கொண்டு, பிறகு எளிய ஆங்கிலத்திற்கு மாற்றினால் இரவல் வாக்கியங்கள் தாமாகவே விலகிவிடும்.

எதை விடுவது?

பழைய பயோடேட்டாவில் தந்தை பெயர், மதம், சாதி, உயரம், எடை, திருமண விவரம் எல்லாம் இருக்கும். தனியார் நிறுவனத்திற்கு இவை வேண்டியதில்லை. பொழுதுபோக்கு என்ற தலைப்பில் 'டி.வி. பார்ப்பது, பாட்டுக் கேட்பது' என்று எழுதுவதாலும் பயனில்லை. அமெரிக்க நிறுவனங்களுக்குப் புகைப்படமோ வயதோ அனுப்புவது வழக்கமில்லை. வளைகுடா நாடுகளிலோ புகைப்படம், நாட்டுரிமை, விசா நிலை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை எதிர்பார்ப்போர் பலர். இடமறிந்து எழுத வேண்டும்.

அரசு வேலைக்கு விதி வேறு. அங்கே நம் விருப்பப்படி தாள் தயாரிப்பதற்கு இடமில்லை. அவர்கள் தரும் படிவத்தை நிரப்ப வேண்டும். அங்கே சமூகச் சான்றிதழும் மிக முக்கியம். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்றிதழை வாங்கி வைக்காமல் கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கம் மாற வேண்டும்.

இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றில் நம் தாளை முதலில் படிப்பது மனிதர் அல்லர், கணினி மென்பொருள். விளம்பரத்தில் கேட்ட சொற்கள் தாளில் இருக்கின்றனவா என்று அது தேடும். 'ஜி.எஸ்.டி. கணக்கு' என்று கேட்டிருக்க, நீங்கள் 'வரி வேலை' என்று எழுதினால் அது தவறவிடக்கூடும். உங்களுக்கு அந்த வேலை தெரியுமாயின் விளம்பரத்தின் சொல்லையே பயன்படுத்துங்கள். வண்ணக் கட்டங்கள், படங்கள், அலங்கார எழுத்துகள் வேண்டாம். அவற்றை மென்பொருள் சரியாகப் படிக்காமல் போகலாம். வேறுவிதமாகக் கேட்காதவரை பி.டி.எஃப். கோப்பாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சில நொடிகளில் அழகான பயோடேட்டாவை எழுதித் தருகின்றன. எழுத்துப் பிழை திருத்த அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் நமக்குத் தெரியாத திறமைகளையும் அவை சேர்த்துவிடுவது உண்டு. ஒவ்வொரு வரியையும் படித்து, 'இதைப் பற்றிக் கேட்டால் ஐந்து நிமிடம் பேச என்னால் முடியுமா?' என்று உங்களையே கேளுங்கள். முடியாதெனில் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

பொய்யின் ஆயுள்

'கொஞ்சம் கூட்டி எழுதினால் என்ன? யார் பார்க்கப் போகிறார்கள்?' என்று கேட்போர் உண்டு. பார்க்கிறார்கள். இன்று பல நிறுவனங்கள் சான்றிதழ்களையும் முந்தைய வேலையையும் சரிபார்ப்பதற்கென்றே தனி முகமைகளை அமர்த்துகின்றன. வருங்கால வைப்பு நிதிக் கணக்கு உள்ளவர் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அந்தக் கணக்கிலேயே பதிவாகியிருக்கிறது.

உடனே தெரியாவிட்டாலும் பொய் உறங்குவதில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் மாணவர் சேர்க்கைப் பிரிவின் தலைவராக இருந்த மேரிலீ ஜோன்ஸ், பெறாத பட்டங்களைப் பெற்றதாகத் தம் குறிப்பில் காட்டியிருந்தது வெளிப்பட்டு 2007இல் பதவி விலகினார். அங்கே அவர் பணியாற்றியது 28 ஆண்டுகள்! நன்றாகப் பணி செய்தவர் என்று பெயரெடுத்திருந்தும் அந்தப் பழைய வரி அவரை விடவில்லை. 2012இல் யாஹூ நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் ஸ்காட் தாம்ப்சன், கணக்கியல் மட்டும் படித்திருக்கக் கணினி அறிவியலும் படித்ததாகக் குறிப்பில் இருந்த சர்ச்சையில் சில மாதங்களிலேயே பதவியை இழந்தார்.

வளைகுடா வேலைக்கு முகவர் வழியே செல்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பற்றவைப்பே தெரியாதவரை '6 ஆண்டு அனுபவமுள்ள வெல்டர்' என்று முகவரே எழுதி அனுப்புவதுண்டு. தொழில் தேர்வில் கருவியைக் கையில் கொடுக்கும்போது தலைகுனிய வேண்டியவர் முகவர் அல்லர். உங்கள் பெயரில் போகும் தாளை நீங்கள் படிக்காமல் போக விடாதீர்கள். முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்த்த பின்னரே பணமோ பாஸ்போர்ட்டோ கொடுங்கள்.

பெயரைப் பார்த்துத் தள்ளினால்?

இனி, நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விக்கு வருவோம். 'எல்லாம் சரியாகத்தான் எழுதினான். பெயரைப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார்கள்' என்று பெற்றோர் மனம் நொந்து பேசுகிறார்கள். இது வெறும் சந்தேகமா?

இல்லை. சுகதேவ் தோரட், பால் ஆட்டவெல் என்ற இரு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் வெளிவந்தது. 66 வாரங்கள், 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். தகுதி ஒத்திருக்க, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. 'லெட் பை' அறக்கட்டளை 2022இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒத்த இரு பெண்களின் பெயரில் 1,000 வேலைகளுக்கு விண்ணப்பங்கள் சென்றன. இந்துப் பெயருக்கு 208 சாதகமான பதில்கள் வந்தன. முஸ்லிம் பெயருக்கு 103.

நல்ல தாள் இருந்தால் இந்தச் சுவர் தானே இடிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் ஆகியோர் இதே முறையில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பின் தரம் உயர்ந்தபோது வெள்ளையர் பெயர்களுக்கு அழைப்புகள் நன்கு கூடின. கறுப்பினத்தவர் பெயர்களுக்கு அந்த அளவு கூடவில்லை. உண்மை கசப்பாக இருந்தாலும் தெரிந்திருப்பது நல்லது. நாற்பது இடங்களுக்கு எழுதியும் பதில் வராத பிள்ளை, 'என்னிடம்தான் குறை' என்று உள்ளுக்குள் ஒடுங்கிப் போகாமல் இருக்க இந்த அறிவு உதவும். பெற்றோரும் அவனைக் குத்திப் பேசாமல் இருக்க உதவும்.

அப்படியானால் என்ன செய்வது? பெயரைச் சுருக்கியோ மாற்றியோ எழுதுவது வழியன்று. சான்றிதழில் உள்ள பெயர் நாளை எப்படியும் வெளிவரும். அனுப்பும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். முகம் தெரியாத தாளாகப் போவதைவிட, தெரிந்தவர் ஒருவர் சொல்லிப் போகும் தாளாக அது இருக்கட்டும். உங்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர், பழைய முதலாளி, உடன் படித்து இப்போது வேலையில் இருக்கும் நண்பர், எச்சமயத்தவராயினும் சரி, உங்கள் உழைப்பை நேரில் கண்டவரிடம் சென்று கேளுங்கள். கேட்பதில் இழிவில்லை. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் நிறுவனங்களை விடாமல் எழுதுங்கள். அங்கே மதிப்பெண்ணும் பேசும். தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்புத் துறை நடத்தும் தனியார் துறை வேலை இணையதளத்திலும் பதிவு செய்து வையுங்கள். நம்மில் கடையும் நிறுவனமும் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் மேசைக்கு வரும் தாள்களிலும் பெயரைப் பாராமல் தகுதியைப் பாருங்கள். நாம் கேட்கும் நீதியை நாமும் கொடுக்க வேண்டும் அல்லவா?

வீட்டில் ஒரு மாலை

இந்த மாதம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். வேலை தேடும் மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வெறுந்தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லுங்கள். 'இதுவரை என்னென்ன வேலை செய்திருக்கிறாய்? அதில் எண்ணிச் சொல்லக்கூடியது எது? அதைக் கண்ட சாட்சி யார்?' பிள்ளை மறந்துபோனதை உம்மா எடுத்துக் கொடுப்பார்கள்; கூச்சத்தால் விட்டதை வாப்பா நினைவூட்டுவார்கள். எழுதி முடித்ததும் வீட்டில் நன்கு படித்த ஒருவரும், படிக்காத ஒருவரும் அதைக் கேட்கட்டும். இருவருக்கும் 'இவர் என்ன வேலை செய்வார்?' என்பது விளங்கிவிட்டால் தாள் தயார். தொலைபேசி எண்ணையும் தேதிகளையும் மட்டும் மற்றொரு முறை சரிபாருங்கள். ஓர் இலக்கம் தவறினாலும் வர வேண்டிய அழைப்பு வேறு வீட்டில் ஒலிக்கும்.

தாள் சென்று, அழைப்பும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நேர்முகத் தேர்வில் எவ்வாறு அமர்வது, எவ்வாறு பேசுவது? இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பார்ப்போம்.